சித்திரைக்குள் காய்க்காதவை

ஜனவரி 19, ஞாயிறு

அண்ணி வந்து இறங்கினாள். இரண்டு பெட்டி, ஓர் அட்டைப்பெட்டி நிறையக் கருப்பட்டி, ஒரு சாக்கில் வேரோடு பிடுங்கிய கறிவேப்பிலைக் கன்று. தன் பிறந்த ஊர் கோவில்பட்டியிலிருந்து குன்னூருக்குக் கறிவேப்பிலைக் கன்றைச் சுமந்து வந்த முதல் பிரகஸ்பதி இவளாகத்தான் இருப்பாள். தை மாதக் குளிரில் அது ஒரு வாரத்தில் குச்சியாகிவிடும் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொல்லவில்லை. பட்டுத் தெரிந்துகொள்ளட்டும்.

கூட வந்தவன் அவள் மகன் கோமதிநாயகம். அண்ணன் மகன் என்றும் சொல்லலாம். ஆனால் என் அண்ணனிடம் இருந்த ஒரே நல்ல குணம் வாயைத் திறக்காமல் இருப்பது, அது இவனுக்கு வரவில்லை. காரிலிருந்து ஒரு கால் வெளியே வைக்கும்போதே ஆரம்பித்துவிட்டான்.

"அத்தை, நல்ல பார்ட்டி ஒருத்தர் கிடைச்சிருக்கார். கோயமுத்தூர். இடத்தை வாங்கி ஹோம்ஸ்டே பண்ணப் போறாராம். சித்திரை பிறக்கவும் முடிச்சிடலாம். அதுவரைக்கும் அம்மா இங்க இருந்து சாமானெல்லாம் ஒழிச்சு வைக்கட்டும். அப்புறம் பழையபடி மெட்ராஸ்ல எங்ககூட இருப்பாங்க."

அப்பா தேயிலை ஃபாக்டரியில் கணக்கெழுதிக் கட்டிய வீடு. ஆண்பிள்ளை என்று அண்ணன் பேரில் எழுதி வைத்தார். அந்த ஆண்பிள்ளை மதுரை மின்வாரியத்தில் காலம் தள்ளினான். இங்கே இருந்தது நான். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை பார்த்துக்கொண்டே அப்பாவுக்குக் கஞ்சி ஊற்றியது நான், ஓடு மாற்றியது நான், காட்டுமாடு வந்தால் தகரத்தைத் தட்டி விரட்டியது நான். போன ஆடியில் அண்ணன் போய்ச் சேர்ந்தான், வீடு அண்ணியுடையதாகிவிட்டது. இங்கேயே பிறந்து இங்கேயே கிழவியானவளுக்கு ஓர் அறிவிப்பு, அதுவும் கார்க் கதவைச் சாத்துகிற சத்தத்தோடு.

"நீங்க எங்க இருக்கிறதா உத்தேசம், அத்தை?"

"என் கவலை உனக்கு எதுக்கு?" என்றேன்.

இருக்கட்டுமா என்று நான் யாரிடமும் கேட்டதில்லை. இந்த இரண்டு பேரிடமா கேட்கப் போகிறேன்?

ஜனவரி 22, புதன்

நாயகம் ஊருக்குப் போனான். அண்ணி சாமான் ஒழிக்கவில்லை. கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டு மண்ணைக் கையில் எடுத்து முகர்ந்து பார்க்கிறாள்.

"இம்புட்டு எடம் சும்மா கெடக்கே மதினி. ஏதாச்சும் வெதைப்போம்லா."

அவர்கள் பக்கம் நாத்தனாரை மதினி என்றுதான் கூப்பிடுவார்கள். கரிசல் மண்ணில் கம்பும் பருத்தியும் பார்த்த கண்ணுக்கு என் தோட்டம் சும்மா கிடக்கிறதாம். குளிருக்கு நிலத்தை ஆறப் போட்டிருக்கிறேன் என்று யார் சொல்லிப் புரியவைப்பது? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

இந்த வருஷம் நான் முள்ளங்கியும் கீரையும் மட்டும்தான் போடுவேன். சித்திரைக்குள் பிடுங்கித் தின்றுவிட்டுப் போய்விடலாம். எவனோ ஹோம்ஸ்டேக்காரன் தின்ன நான் ஏன் பாத்தி கட்ட வேண்டும்?

ஜனவரி 23, வியாழன்

ஊரிலிருந்து ஒரு தினசரிக் காலண்டர் கொண்டுவந்திருக்கிறாள். அதை என் சமையலறையில், என் ஆணியில், என்னைக் கேட்காமல் மாட்டிவிட்டாள். காலையில் எழுந்ததும் தாளைக் கிழித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மூக்கு இடிக்க இடிக்கப் படிக்கிறாள்.

"இன்னைக்கு மேல்நோக்கு நாளு, மதினி. மேல வெளையுறத இன்னைக்குப் போடணும். பீன்ஸ் போட்டா ஜம்முனு ஏறும். கெழங்குன்னா கீழ்நோக்கு நாள்ல வைக்கணும்."

"காலண்டர் போட்டவன் குன்னூருக்கு வந்திருக்கானா, அண்ணி?"

"அவன் சிவகாசிக்காரன்லா. அவன் இங்க எதுக்கு வாரான்?"

குத்தல்கூடப் புரியாத ஜன்மத்திடம் என்ன பேசுவது? எங்கள் வீடு பள்ளத்தில் இருக்கிறது. குன்னூரில் வேறெங்கும் விழாத உறைபனி இங்கே விழும், மாசி பாதிவரை விழும். பீன்ஸ் துளிருக்கு அது எமன். பட்டாணி தாங்கும், கேரட் தாங்கும், நூல்கோல் தாங்கும், பீன்ஸ் தாங்காது. இங்கே குழந்தைக்குக்கூடத் தெரியும். சொல்லவில்லை. அவள் குனிந்து குனிந்து ஒவ்வொரு விதையாக, சாமி கும்பிடுகிற மாதிரி கண்ணை மூடிக்கொண்டு ஊன்றினாள். நான் ஜன்னலில் நின்று காபி குடித்தபடி பார்த்தேன்.

ஜனவரி 25, சனி

கறிவேப்பிலை செத்தது. ஒரு வாரம் என்று கணக்குப் போட்டேன், அதற்கு அவ்வளவு பொறுமை இல்லை.

ஜனவரி 28, செவ்வாய்

இன்று கீழ்நோக்கு நாளாம். உருளைக்கிழங்கு வைத்தாள். முளை கட்டிய பக்கத்தைக் கீழே பார்க்க வைத்தாள், நாளே கீழ்நோக்கு என்பதால். முதல் வரிசையோடு என்னால் பொறுக்க முடியவில்லை. போய் எல்லாவற்றையும் திருப்பி வைத்தேன். விதைக்கிழங்கு நல்ல ஜாதி, அதற்காகத்தான்.

பிப்ரவரி 6, வியாழன்

விடியும்போது புல்லெல்லாம் உப்பைக் கொட்டியதுபோல் வெள்ளையாக இருந்தது. நேற்றுத்தான் பீன்ஸ் முளை மண்ணைத் தள்ளிக்கொண்டு வந்திருந்தது. வெயில் ஏறியதும் அத்தனையும் கறுத்துச் சுருண்டுவிட்டது.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. பொய் எழுதுவானேன்? நேற்று இரவே தெளிந்த வானத்தைப் பார்த்து இதை எதிர்பார்த்தேன். சுவெட்டரைப் போட்டுக்கொண்டு, சிவகாசிக்காரனின் புகழை இரண்டு வார்த்தை பேசலாம் என்று வெளியே போனேன்.

அவள் பாத்தியின் ஓரத்தில் உட்கார்ந்து கறுத்த முளை ஒன்றை விரலால் தடவிக்கொண்டிருந்தாள். சால்வைகூடப் போர்த்தியிருக்கவில்லை. அழுவாள் என்று நினைத்தேன், அழவில்லை.

"இது வரும்னு ஒங்களுக்குத் தெரியுமா மதினி?"

"தெரியும்."

"ம்." கறுத்த முளையைக் கிள்ளி எடுத்தாள். "மறுபடி எப்ப போடலாம்?"

"அடுத்த மேல்நோக்கு நாள்ல போடுங்க."

"இல்ல. நீங்க சொல்லுங்க. நீங்க சொல்லுத அன்னைக்குப் போடுதேன்."

தயாராக வைத்திருந்த இரண்டு வார்த்தையும் எங்கே போயினவோ தெரியவில்லை. மாசி கடைசியில் போடலாம் என்று சொல்லிவிட்டு உள்ளே வந்தேன். காபி ஆறிப்போயிருந்தது. இவள் கல்யாணத்தில் அண்ணன் போட்ட முடிச்சுக்கு மேல் மூன்றாவது முடிச்சைப் போட்டது நான். அன்றைக்கே கொஞ்சம் தளர்வாகப் போட்டிருக்க வேண்டும்.

பிப்ரவரி 11, செவ்வாய்

கோயமுத்தூர் போய் மகளிர் விடுதியைப் பார்த்து வந்தேன். முதியோர் இல்லம் என்று சொல்லக் கூடாதாம், "ஓய்வுபெற்ற மகளிருக்கான நிம்மதியான சூழல்" என்று போர்டில் எழுதியிருக்கிறது. நிம்மதி என்றால் சத்தமில்லை என்று அர்த்தம் செய்துகொண்டிருக்கிறார்கள். நடைவழியில் ஆறு பெண்கள் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, வருகிறவர் போகிறவரைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. யாரோ லீலா என்று நினைத்துவிட்டாள்.

தோட்டம் உண்டா என்று கேட்டேன். வார்டன் பெருமையாக மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள். நாலு குரோட்டன்ஸ் தொட்டி.

"தண்ணி நாங்கதான் ஊத்துவோம். மேடம்ஸ் தொடக் கூடாது, வழுக்கி விழுந்துட்டா ரிஸ்க்," என்றாள்.

அறை ஒன்று சொல்லி வைத்துவிட்டு வந்தேன். ஏப்ரல் கடைசியில் வருவதாக. திரும்பும்போது பஸ் மேட்டுப்பாளையம் தாண்டி மலை ஏறியதும் குளிர் காற்று முகத்தில் அடித்தது. பக்கத்து சீட்டுக்காரர் ஜன்னலைச் சாத்தச் சொன்னார். முடியாது என்றேன்.

"பாத்தாச்சா? எப்படி இருக்கு?" என்றாள் அண்ணி.

"அருமையா இருக்கு. எல்லாரும் நாகரிகமானவங்க."

"அப்படியா," என்றாள். எழுந்து கொல்லைப்பக்கம் போனவள் இருட்டிய பிறகுதான் உள்ளே வந்தாள். எனக்கு நல்ல இடம் கிடைத்தது அவளுக்குப் பொறுக்கவில்லை போலிருக்கிறது.

பிப்ரவரி 17, திங்கள்

இன்று நர்சரியில் என் மானம் போயிற்று.

போஜனின் நர்சரி பஸ் ஸ்டாண்டுக்கு மேலே இருக்கிறது. ஊருக்கெல்லாம் செடி விற்றே இரண்டு மாடி எழுப்பியவர், கல்லை ஊன்றி முளைக்கும் என்று சொல்லி விற்கிற வாய். என் ஒருத்தியிடம் மட்டும் அது பலிக்காது. தெளிவாகச் சொன்னேன்: "இந்த மாசத்துக்கு முள்ளங்கி, பீட்ரூட், லெட்டூஸ். கொஞ்சம் ஸ்வீட் பீ. சீக்கிரம் வர்றது போதும்."

அண்ணி ஒவ்வொன்றாகக் கையில் எடுத்தாள்.

"இது எத்தன நாள்ல வரும்யா?"

"முள்ளங்கிங்களா அம்மா, ஒரு மாசம் போதும்."

கீழே வைத்துவிட்டாள். "இது?"

"பீட்ரூட் ரெண்டு மாசம்."

அதையும் வைத்துவிட்டாள். கடைசியில் ஒரு மூலையில் இலையில்லாமல் நின்ற குச்சிகளைக் காட்டினாள். "இது என்ன?"

"பேரிக்காய் ஒட்டுக்கன்னு. அதெல்லாம் இப்ப வெச்சா காய்க்க அஞ்சு வருஷம் பிடிக்கும்மா. உங்களுக்கு எதுக்கு?"

"அஞ்சு வருஷமா? அப்ப இதுல நாலு குடுங்க."

போஜன் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவள் நிறுத்தவில்லை. மூன்றாம் வருஷம்தான் வெட்ட முடியும் என்று சொன்ன பிறகு ஆஸ்பராகஸ் வேர் வாங்கினாள். தண்டைச் சமைக்கிற செடி அது; காயா, கிழங்கா என்றுகூட அவள் கேட்கவில்லை. பிளம்ஸ் ஒன்று. இன்னும் விட்டால் தேக்கு இருக்கிறதா என்று கேட்டிருப்பாள்.

வழியெல்லாம் யோசித்துக் கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். வாங்க வருகிறவனுக்குக் காட்டத்தான்! சுற்றிலும் பழமரம் என்றால் விலை ஏறும். பார்ப்பதற்குத்தான் வெகுளி, உள்ளே நல்ல வியாபாரி. முப்பது வருஷம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஊரார் பேச்சைக் கேட்டவள் நான். என்னிடமா?

பிப்ரவரி 18, செவ்வாய்

பேரிக்குக் குழி வெட்டுகிறேன் என்று சாம்பார் வாளி அளவுக்கு ஒரு பள்ளம் தோண்டி வைத்திருந்தாள். பார்க்கச் சகிக்கவில்லை. கடப்பாரையை வாங்கி நானே முட்டளவு வெட்டினேன். நாலு குழி, பிளம்ஸுக்கு ஒன்று. சாணி உரம் போட்டு மண் தள்ளினேன். எவனுக்கோ போகிற மரமானாலும் வேர் என்ன பாவம் செய்தது?

"ஒட்டுப் போட்ட எடம் மண்ணுக்கு மேல இருக்கணும், தெரியுமா?" என்றேன்.

"எனக்கு எங்க தெரியும் மதினி. அதுக்குத்தான நீங்க இருக்கீக."

சித்திரைவரை.

பிப்ரவரி 21, வெள்ளி

உறைபனிக்கு இது கடைசி ஆட்டம். பெரணித் தழை வெட்டிக் குவித்து வைத்திருந்தேன், வழியை அடைத்துக்கொண்டு கிடந்தது. விடிவதற்கு முன் எழுந்த நான் அதைச் சும்மா எங்காவது தள்ள வேண்டுமே என்று அவளுடைய உருளைப் பாத்திமேல் பரப்பிவிட்டேன். அதனால் துளிர் பிழைத்துக்கொண்டது. தற்செயல்தான்.

அவள் எட்டு மணிக்கு வந்து பார்த்துவிட்டு, "காலண்டர்ல போட்டது சரியாப்போச்சு பாத்தீகளா," என்றாள். எனக்கு வந்த கோபத்தில் தோசை கருகியது.

மார்ச் 4, செவ்வாய்

இரண்டு நாளாக அண்ணிக்கு இருமல். சுவருக்கு அந்தப் பக்கம் யாரோ டிரங்குப் பெட்டியை இழுப்பது மாதிரி சத்தம். மலைக் குளிருக்கு வாயில் சேலைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டால் போதும் என்று யார் சொன்னார்களோ. சர்க்கரை வேறு அவளுக்கு. வெறும் காலோடு ஈர மண்ணில் நிற்காதே என்றால் கேட்டால்தானே.

மிளகு தட்டிப் போட்டுக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தேன். ரேடியோ கேட்க விடாமல் இருமுகிறாளே, அதற்காக.

"மெட்ராஸ்ல நான் இருமுனா மருமக கதவச் சாத்திக்கிடுவா, மதினி. தொந்தரவு பண்ணக் கூடாதுன்னு மெதுவாத்தான் சாத்துவா. ரொம்ப மரியாத."

"நானும் சாத்துவேன்," என்றேன்.

"நீங்க படார்னுல்லா சாத்துவீக," என்று சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, கஞ்சியெல்லாம் போர்வையில். என் போர்வை. துவைத்துப் போட்டேன்.

சாயங்காலம் நாயகம் போன் செய்தான். நான் ஒட்டுக் கேட்பவள் அல்ல, ஆனால் காது பழக்கப்பட்டது. அவன் பேசிக்கொண்டே போனான். இவள், "சரிய்யா... சரிய்யா... கையெழுத்துத்தான? நீ வா, அப்ப பாத்துக்கிடுவோம்," என்று வைத்துவிட்டாள். ஆக, எல்லாம் முடிந்த காரியம்.

மார்ச் 10, திங்கள்

பீன்ஸ் போட்டோம். நான் சொன்ன நாள். காலண்டரைப் பார்க்கவே இல்லை என்று சத்தியம் செய்தாள். குப்பைத் தொட்டியில் கிழித்த தாளைப் பார்த்தேன். மேல்நோக்கு நாள்தான்.

மார்ச் 21, வெள்ளி

காட்டுமாடு. ஆளுயரம் இருக்கும் கொம்பன், வேலியை நூல் மாதிரி அறுத்துக்கொண்டு வந்து லெட்டூஸைத் தின்றுவிட்டு, போகிற போக்கில் ஒரு பேரிக்கன்றைச் சாய்த்துவிட்டுப் போயிற்று. நான் தகரத்தைத் தட்டினேன். அண்ணி துடைப்பத்தை ஓங்கிக்கொண்டு ஓடினாள்! துடைப்பம்! ஒரு டன் எடையுள்ள மிருகத்தின் முன்னால் போய், "போ மூதேவி, போ அங்கிட்டு," என்கிறாள். கையைப் பிடித்து இழுத்து வந்தேன். கதவைச் சாத்தி இரண்டு தாழ்ப்பாளும் போட்டேன். அவளுக்கு ஒன்றும் இல்லை, பல் தெரியச் சிரிக்கிறாள்.

பிறகு தன் பழைய சுங்குடிச் சேலையைக் கிழித்து, சாய்ந்த கன்றுக்குக் குச்சி நட்டுக் கட்டினாள். அந்தச் சேலை அண்ணன் வாங்கிக் கொடுத்தது. எனக்கே தெரியும்.

"யாருக்காக இந்தக் கூத்து, அண்ணி?" என்று கேட்டே விட்டேன்.

"இங்க இருக்கப் போறவுகளுக்குத்தான்."

அதைத்தான் நானும் சொல்கிறேன். வாங்குகிறவன் குடும்பத்துக்காக உயிரைக் கொடுத்து மாடு விரட்டுகிறாள். இவளைப் போல ஒரு அசடு ஏழு ஜில்லாவில் கிடையாது.

முள்ளங்கி எல்லாம் பிடுங்கியாகிவிட்டது. நன்றாக விளைந்திருந்தது. பாத்தி காலி.

ஏப்ரல் 6, ஞாயிறு

நாயகம் பதின்மூன்றாம் தேதி வருகிறான், வாங்குபவரோடு. என் பெட்டிகளைக் கட்டிவிட்டேன். எடுத்துப்போக அதிகம் இல்லை. விடுதியில் ஓர் அலமாரிதான், அதில் பாதி.

அண்ணி இன்னும் ஒரு டம்ளரைக்கூட ஒழிக்கவில்லை. சோம்பேறி. எல்லாம் கடைசி நாள் என் தலையில் விழும்.

பயமாக இருக்கிறது. எழுதிவிட்டேன். அடித்துவிடலாமா என்று பார்த்தேன், அடித்தால் மட்டும் போய்விடுமா? காலையில் எழுந்து கதவைத் திறந்தால் மண் தெரியாத ஓர் இடத்தில் நான் எத்தனை நாள் இருப்பேன் என்று தெரியவில்லை. அண்ணியிடம் ஒரு வார்த்தை கேட்டால் என்ன என்று ஒரு நிமிஷம் தோன்றியது. என்னவென்று கேட்பது? உன் வீட்டில் எனக்கு ஒரு மூலை கொடு என்றா? அவளே மகன் வீட்டு மூலைக்குப் போகிறவள்.

ஏப்ரல் 9, புதன்

பீன்ஸ் பூத்திருக்கிறது. எனக்கென்ன.

ஏப்ரல் 13, ஞாயிறு

நடந்ததை வரிசையாக எழுத வேண்டும், மனசு நிலையில் இல்லை.

பதினோரு மணிக்கு வந்தார்கள். வாங்குபவர் பெயர் வெள்ளிங்கிரி. கழுத்தில் சங்கிலி, கையில் இரண்டு போன். வீட்டுக்குள் வரவே இல்லை, நேராகக் கொல்லைக்குப் போனார். அப்பா கட்டிய சுவரைத் தட்டிப் பார்த்து, "இதெல்லாம் இடிச்சுப் போடலாமுங்க," என்றார். பிறகு பேரிக்கன்றுகளுக்கு நடுவில் போய் நின்றுகொண்டு கையை அகல விரித்தார்.

"இந்தப் பக்கம் பூரா பேவர் கல் போட்டுட்டா எட்டு வண்டி நிக்குமுங்க. செடியெல்லாம் நம்ம ஆளே வந்து எடுத்துப் போடுவான், நீங்க சிரமப்பட வேண்டாமுங்க."

அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். பழமரத்தைக் காட்டி விலையேற்ற நினைத்தாளே, இப்போது முகம் தொங்கும் என்று பார்த்தேன். முகம் தொங்கவில்லை. ஏற்கெனவே முடிவு செய்தவள் மாதிரி நின்றாள்.

"நீங்க கொஞ்சம் அந்தப் பக்கமா நில்லுங்கய்யா. கன்னு மிதிபடுது," என்றாள். அவர் நகர்ந்தார். "நாயகம், நான் இத விக்கல."

நாயகம் சிரித்தான். விளையாட்டு என்று நினைத்தான். பிறகு சிரிப்பு நின்றது.

"என்னம்மா பேசறே? மூணு மாசமா போன்ல சரி சரின்ன."

"நீ சொன்னதக் கேட்டுக்கிட்டேன்னு சரின்னேன். போன்ல சொன்னா நீ வெரசா வந்து என்னையக் கூட்டிட்டுப் போயிருப்ப. அதான் பொறுத்தேன். நான் இங்கதான் இருக்கப் போறேன். வந்த மொத வாரமே நெனச்சுட்டேன். அம்புட்டு வருஷம் கழிச்சுக் காய்க்கிற மரத்த வேற எதுக்கு வைக்கேன்?"

போஜனின் கடையும், அவள் கேட்ட கேள்விகளும், கீழே வைத்த முள்ளங்கி விதையும் எனக்கு அப்போதுதான் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. முப்பது வருஷம் ஊரார் பேச்சைக் கேட்டவளாம் நான். வெட்கமாக இருந்தது.

வெள்ளிங்கிரி நாகரிகமானவர், ஒரு போனைக் காதில் வைத்துக்கொண்டு கேட் பக்கம் போய்விட்டார். நாயகம் குரலை உயர்த்தினான்.

"ஒத்தையில இருப்பியா? இந்தக் குளிர்ல? சுகர வெச்சுக்கிட்டு? ராத்திரி ஏதாவது ஒண்ணுன்னா யார் வருவா? நான் விடமாட்டேன். இன்னைக்கே என்கூட வண்டியில ஏறு."

"ஒத்தையில ஏன்? மதினி இருக்காகல்லா."

"அத்தை கோயமுத்தூர்ல ரூம் போட்டாச்சு! பெட்டியெல்லாம் கட்டி ஹால்ல இருக்கு, நீ பாக்கல? அத்தைக்கு உன்னைக் கண்டாலே ஆகாதும்மா. கல்யாணத்துலேருந்தே ஆகாது. ஊருக்கே தெரியும். நாள் பூரா உன்னை ஏதாவது சொல்லிக்கிட்டேதான் இருக்காங்க."

"ஆமா, ஏசுதாக," என்றாள் அண்ணி. "காலைல எந்திரிச்சா தோசைக்கு ஏசுதாக, செருப்புப் போடலன்னு ஏசுதாக, குழி சின்னதுன்னு ஏசுதாக. உன் வீட்டுல எல்லாரும் எனக்கு மரியாத குடுக்கீக. நேரத்துக்கு மாத்திர, நேரத்துக்குச் சாப்பாடு. ஆனா ஒருத்தரும் என்கிட்ட பேசுறதில்லய்யா. இவுக ஒருத்தருதான் நான் இருக்கேன்னு தெரிஞ்சுக்கிட்டு ஏசுதாக. எனக்கு அது போதும்."

நான் என்ன செய்கிறேன் என்று தெரியாமல் பீன்ஸ் கொடியைக் குச்சியில் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தேன்.

"ஆனா ஒண்ணு," என்றாள். குரல் தணிந்துவிட்டது. "அவுககிட்ட நான் கேக்கல. கேக்கப் பயந்துட்டேன். விடுதியப் பாத்துட்டு வந்து அருமையா இருக்குன்னாக. அப்புறம் நான் என்னன்னு கேக்கது? அவுக போறதா இருந்தா நானும் உன்கூட வந்துருதேன். தனியா இருக்க எனக்குத் தெம்பு இல்ல."

நாயகம் என் பக்கம் திரும்பினான். அவன் முகத்தில் நம்பிக்கை இருந்தது. நான் அவன் கட்சி என்று நினைத்தான். அவனைக் குறை சொல்ல முடியாது, இந்த டைரியைப் படித்தவன் எவனும் அப்படித்தான் நினைப்பான்.

"அத்தை, நீங்களே சொல்லுங்க. நீங்க போறீங்கதானே?"

எனக்கு வாயில் பதில் எப்போதும் தயாராக இருக்கும். உங்கம்மாவுக்கு உருளைக்கிழங்கில் எது மேல், எது கீழ் என்றே தெரியாது, அவளைத் தனியாக விட்டுவிட்டுப் போனால் காட்டுமாட்டை விளக்குமாற்றால் அடிக்கப் போவாள் என்று சொல்லியிருக்கலாம். எல்லோரும் சிரித்திருப்பார்கள், என் கௌரவமும் மிஞ்சியிருக்கும். அவள் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முந்தானையைக் கையில் முறுக்கி முறுக்கி, விரலெல்லாம் வெளுத்துப்போயிருந்தது.

"எனக்குப் போக இஷ்டமில்லை," என்றேன்.

சத்தம் வெளியே வரவில்லை போலிருக்கிறது. நாயகம், "என்ன அத்தை?" என்றான்.

"எனக்குப் போக இஷ்டமில்லை. நான் இங்கேதான் இருக்கணும். அண்ணிகூட."

யாரிடமும் எதையும் கேட்காமல் இத்தனை வயது ஆகிவிட்டது. கேட்டு, இல்லை என்று ஒருத்தி சொன்னால் எப்படி நிற்பது என்று எனக்குப் பழக்கமில்லை. அவள் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். கண் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது, ஆனால் குரலில் கோபம்.

"அத மொதல்லயே சொன்னா என்னட்டி? மூணு மாசமா வாயில என்ன கொழுக்கட்டையா?"

நாயகம் திகைத்துப்போனான். கேட்டருகே வெள்ளிங்கிரிகூடத் திரும்பிப் பார்த்தார். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நீங்க, மதினி, வாங்க, போங்க தவிர வேறு பேச்சு வந்ததில்லை அவள் வாயில். என்னை ஏட்டி, போட்டி என்று கூப்பிட இந்த உலகத்தில் என் அம்மா ஒருத்திதான் இருந்தாள், அவள் போய் முப்பது வருஷம் ஆகிறது.

நான் உள்ளே வந்து வந்தவர்களுக்குக் காபிக்குப் பால் வைத்தேன். பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே நின்று அழுதுகொண்டிருந்தேன்.

பெற்ற மகன் முன்னால், ஊர் பேர் தெரியாத ஆள் முன்னால், நாத்தனாரை ஏட்டி என்கிறாள். மரியாதை தெரியாத ஜன்மம்.